இரண்டு டிஸ்க் போனாலும் கலங்காத கணக்கு!
(கணித மேதை எவரிஸ்ட் கால்வாவின் வாழ்க்கை)



ஆண்டு மலருக்கு ஒரு மேதையின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். ராமானுஜன், அப்துல் கலாம், எடிசன் மூவரையும் நம் நண்பர்கள் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டு விட்டார்கள். எனக்கு மிச்சம் கிடைத்தவர், நம் சிலபஸில் எங்கேயும் பெயர் வராத ஒருவர். ஆனால் சர்வருக்குள்ளே ராப்பகலாக வேலை செய்துகொண்டிருப்பவர். இறந்து 190 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இறக்கும்போது அவருக்கு வயது 20. பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்றவர். அவர்தான் பிரான்ஸ் நாட்டின் எவரிஸ்ட் கால்வா.

இவருக்கும் நம்ம கம்ப்யூட்டர் பிரிவுக்கும் என்ன சம்பந்தம்? அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரெய்டு என்றால் என்ன?

ரெய்டு என்றதும் வருமான வரி ரெய்டு என்று பயந்துவிட வேண்டாம்! பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க் போலப் பயன்படுத்தும் முறைக்குத்தான் ரெய்டு என்று பெயர். 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. டிஸ்க் என்பது சுழலும் பொருள், ஒருநாள் கட்டாயம் பழுதாகும். அன்று தகவல் போகக் கூடாது என்றால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

போன விடுமுறையில் ஓர் அலுவலகத்தில் இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன் (பெயர் வேண்டாம்). அங்கே சர்வர் பெட்டியில் 8 டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட். அதில் ஒன்றில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மேற்பார்வையாளர் அண்ணன் அவசரப்படவில்லை. டிஸ்க்கின் சீரியல் நம்பரைத் திரையிலும் லேபிளிலும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உருவினார். ஏனென்றால் பழுதான டிஸ்க்குக்குப் பதில் பக்கத்தில் இருக்கிற நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால், ஒன்று போன இடத்தில் இரண்டு போனதாகிவிடும். புது டிஸ்க்கைச் செருகியதும் ரீபில்ட் ஆரம்பித்தது. நொடிக்கு 100 மெகாபைட் வேகம் என்று வைத்தாலும் 4 டெராபைட் எழுதி முடிக்க 11 மணி நேரம். அந்த நேரம் முழுக்க மற்ற 7 டிஸ்க்கும் மூச்சு விடாமல் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வயதுக் கிழங்கள்! சாயங்காலம் இன்னொரு டிஸ்க்கும் படுத்துவிட்டது.

அறையில் ஒருத்தர் முகத்திலும் ரத்தம் இல்லை. ஆனால் ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. காரணம், அது ரெய்டு 6. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். இரண்டு டிஸ்க்கில் இருந்ததை மற்ற ஆறும் எப்படிச் சொல்லும் என்று அண்ணனிடம் கேட்டேன். கால்வா களம் என்று ஒன்று இருக்கு, போய்ப் படி தம்பி என்றார். படிக்கப் போனேன். கணக்கைத் தேடிப் போனவனுக்கு ஒரு வாழ்க்கையே கிடைத்தது.

பிறப்பும் படிப்பும்

பாரிஸ் நகருக்குப் பக்கத்தில் போர்-லா-ரேன் என்னும் சிற்றூரில் 1811-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் கால்வா பிறந்தார். தந்தை நிக்கோலா கேப்ரியல் ஊரின் மேயர். தாய் படித்தவர். பன்னிரண்டு வயது வரை மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். 1823-ல் பாரிஸில் லூயி-லெ-கிராண்ட் என்ற புகழ்பெற்ற பள்ளியில் சேர்ந்தார்.

அங்கேதான் கணிதம் அவரைப் பிடித்துக்கொண்டது. லெஜாந்தர் எழுதிய வடிவியல் நூல், பிறகு லக்ராஞ்சின் நூல்கள் என்று நேராகப் பெரியவர்களின் புத்தகத்துக்கே போய்விட்டார். மற்ற பாடங்களில் ஆர்வம் குறைந்தது. ரிஷார் என்ற ஆசிரியர் மட்டும் இந்தப் பையன் யார் என்பதைப் புரிந்துகொண்டு உற்சாகம் கொடுத்தார். 1829 ஏப்ரலில் முதல் கட்டுரை அச்சில் வந்தது. அப்போது அவருக்கு 17 வயது!

அவர் கையில் எடுத்த கேள்வி சாதாரணமானது அல்ல. இருபடிச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் நமக்குத் தெரியும். முப்படிக்கும் நாற்படிக்கும் 16-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்தாம் படிக்குப் பொதுவான சூத்திரம் கிடையாது என்று நார்வே நாட்டின் ஆபெல் 1824-ல் நிரூபித்தார். அப்படியானால் எந்தச் சமன்பாட்டுக்கு அப்படித் தீர்வு உண்டு, எதற்குக் கிடையாது? இதைச் சொல்லும் அளவுகோலைத்தான் கால்வா கண்டுபிடித்தார். அதற்காக அவர் உருவாக்கிய கருத்துதான் இன்று கணிதத்தில் 'குலம்' என்று படிக்கிறோமே, அது.

அடி மேல் அடி

அந்தக் காலத்தில் பிரான்ஸில் கணிதம் படிக்க நினைப்பவனின் கனவு எக்கோல் பாலிடெக்னிக். நம்ம பாலிடெக்னிக் போல டிப்ளமோ கொடுக்கிற இடம் இல்லை அது. 1794-ல் தொடங்கிய, அந்த நாட்டின் தலைசிறந்த பொறியியல் கல்லூரி. 1828-ல் கால்வா நுழைவுத் தேர்வு எழுதினார். தோல்வி.

1829 ஜூலை 2-ஆம் நாள் பெரிய இடி விழுந்தது. ஊர் அரசியல் சண்டையில் மேயர் எழுதியது போலவே கேவலமான செய்யுள்களைப் புனைந்து பரப்பினார் அந்த ஊர்ப் பாதிரியார். அவமானம் தாங்காமல் தந்தை தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் இரண்டாவது நுழைவுத் தேர்வு வந்தது. மீண்டும் தோல்வி. இரண்டு தடவைக்கு மேல் எழுத முடியாது. கதவு மூடிவிட்டது. வேறு வழியில்லாமல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார்.

நண்பர்களே, அரியர் வைத்தவர்களுக்கு இந்த இடம் புரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இத்தனைக்கும் நடுவில் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1830-ல் மட்டும் பல கட்டுரைகளை அச்சில் கொண்டுவந்தார். அந்த ஜூன் மாதம் வெளிவந்த எண்களைப் பற்றிய ஒரு கட்டுரைதான் நம்ம ரெய்டு 6-க்கு அஸ்திவாரம்.

அந்தக் கட்டுரையில் என்ன இருக்கிறது?

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இது நம்ம சப்ஜெக்ட்.

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் எக்ஸ்-ஆர் கேட் படித்தோம். மூன்று டிஸ்க்கில் 6, 11, 3 என்ற எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரும எண்ணில் 0110, 1011, 0011. மூன்றையும் எக்ஸ்-ஆர் செய்தால் 1110, அதாவது 14. இதை நாலாவது டிஸ்க்கில் எழுதுகிறோம். இதுதான் பாரிட்டி. இரண்டாவது டிஸ்க் செத்துப்போனால் 6, 3, 14 மூன்றையும் எக்ஸ்-ஆர் செய்யுங்கள். 1011 வரும். அதுதான் தொலைந்துபோன 11! ரெய்டு 5 இவ்வளவுதான்.

இரண்டு டிஸ்க் போனால்? தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று. நடக்காது. இன்னொரு சமன்பாடு வேண்டும். இரண்டு பேர் பையில் உள்ள பணத்தைக் கூட்டினால் 10 ரூபாய் என்று மட்டும் சொன்னால் யாரிடம் எவ்வளவு என்று தெரியாது. முதல் ஆளின் பணத்தோடு இரண்டாம் ஆளின் பணத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டினால் 14 என்றும் சொன்னால் உடனே தெரியும், 6 ரூபாய், 4 ரூபாய். ரெய்டு 6 இதைத்தான் செய்கிறது. பி என்ற பாரிட்டி, எல்லாவற்றின் கூட்டல். க்யூ என்ற இரண்டாவது பாரிட்டியில் முதல் டிஸ்க்கை 1-ஆலும் அடுத்ததை 2-ஆலும் அதற்கடுத்ததை 4-ஆலும், இப்படியே ஒவ்வொன்றையும் வேறு வேறு எண்ணால் பெருக்கிக் கூட்டுகிறோம்.

இங்கேதான் சிக்கல். ஒரு பைட்டுக்குள் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 200-ஐ இரண்டால் பெருக்கினால் 400, பைட்டுக்குள் நிற்காது. சரி, கடிகாரம் போல 256 வந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடலாமா? அதுவும் ஆகாது. 128-ஐ இரண்டால் பெருக்கினால் 256, அதாவது 0. பூஜ்யத்தைப் பெருக்கினாலும் 0. விடை 0 என்று இருந்தால் முதலில் இருந்தது 128-ஆ, 0-ஆ? திரும்பி வர வழியில்லை. தகவல் போச்சு.

கடிகாரக் கணக்கில் வகுத்தல் சரியாக வர வேண்டுமானால் கடிகாரத்தின் அளவு 7, 11, 13 போன்ற பகா எண்ணாக இருக்க வேண்டும். 256 பகா எண் அல்ல. ஆனால் அது 2-இன் எட்டாவது அடுக்கு. தீர்வே இல்லாத ஒரு சமன்பாட்டுக்குத் தீர்வு இருப்பதாகக் கற்பனை செய்து, அதை வைத்து, பகா எண்ணின் எந்த அடுக்கின் அளவிலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் பிசகாமல் நடக்கும் ஒரு எண் உலகத்தை அமைக்கலாம் என்று 18 வயதுக் கால்வா காட்டினார். அதுதான் கால்வா களம்.

லினக்ஸில் உள்ள ரெய்டு 6 இந்த 256 எண் களத்தில்தான் ஓடுகிறது. அங்கே கூட்டல் என்றால் எக்ஸ்-ஆர். இரண்டால் பெருக்கல் என்றால் பிட்டுகளை இடப்பக்கம் ஒரு இடம் நகர்த்து. வெளியே ஒரு 1 விழுந்தால் மிச்சத்தை 29-ஓடு எக்ஸ்-ஆர் செய். 200-ஐ இப்படிப் பெருக்கிப் பாருங்கள், 141 வரும். பைட்டை விட்டு வெளியே போகவும் இல்லை, வேறு எந்த எண்ணின் விடையோடும் மோதவும் இல்லை. அதனால் எந்த இரண்டு டிஸ்க் போனாலும் இரண்டு சமன்பாட்டையும் தீர்த்து மீட்டுவிடலாம்.

1830-ல் டிஸ்க் ஏது, கரண்ட் ஏது? எதற்குப் பயன்படும் என்று தெரியாமலே எழுதி வைத்தார். 1960-ல் ரீடு, சாலமன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இந்தக் களத்தை வைத்துப் பிழை திருத்தும் குறியீட்டை அமைத்தார்கள். கீறல் விழுந்த சிடி பாடியதும் அதனால்தான், டீக்கடையில் ஓரம் கிழிந்த க்யூஆர் அட்டை ஸ்கேன் ஆவதும் அதனால்தான்.

தொலைந்த தாள்கள்

இப்போது கதையின் வேதனையான பகுதிக்கு வருகிறேன். தகவலைக் காப்பாற்றும் கணக்கைத் தந்தவரின் சொந்தத் தாள்களே காப்பாற்றப்படவில்லை.

1829 மே, ஜூன் மாதங்களில் சமன்பாடு பற்றிய தன் ஆய்வை அறிவியல் கழகத்துக்குக் கொடுத்தார். பார்வையிட்டவர் புகழ்பெற்ற கோஷி. அந்த ஆய்வு அச்சேறவே இல்லை. கோஷி அலட்சியமாகத் தொலைத்துவிட்டார் என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கிறது. ஆனால் 1830 ஜனவரியில் கழகத்தில் அதைப் பற்றிப் பேசத் தயாராக இருந்ததாகக் கோஷியே எழுதிய கடிதம் பின்னால் கிடைத்தது. ஆகவே அவரை மட்டும் வில்லனாக்குவது நியாயம் அல்ல.

1830 பிப்ரவரியில் கழகத்தின் பெரும் பரிசுக்கு மறுபடி எழுதிக் கொடுத்தார். செயலாளர் ஃபூரியே அதை வாங்கினார். மே மாதம் ஃபூரியே இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற காகிதங்களில் கால்வாவின் ஆய்வு கிடைக்கவில்லை! பரிசு, முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்த ஆபெலுக்கும் ஜெர்மனியின் யாக்கோபிக்கும் போனது.

1831 ஜனவரியில் மூன்றாவது முறை. இந்தத் தடவை பாய்சான் படித்தார். ஜூலையில் அவர் கொடுத்த அறிக்கை, வாதம் போதிய தெளிவாக இல்லை, போதிய விரிவாகவும் இல்லை என்று சொல்லிவிட்டது. நிராகரிப்புத்தான். ஆனால் ஒரு நல்லது நடந்தது. தாள்கள் கால்வாவின் கைக்கே திரும்பி வந்தன. நிராகரிக்கப்பட்ட அந்தப் பிரதிதான் பிழைத்தது.

சிறையும் கடைசி இரவும்

1830 ஜூலையில் பாரிஸில் புரட்சி வெடித்தது. கல்லூரி இயக்குநர் மாணவர்களை வெளியே விடாமல் கதவைப் பூட்டினார். அவரைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதியதால் கால்வா கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். குடியரசுக் கட்சிக்காரரானார். 1831 மே மாதம் ஒரு விருந்தில் கையில் கத்தியோடு மன்னர் லூயி பிலிப் பெயரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்தியதற்காகக் கைதாகி, விடுதலையானார். ஜூலை 14-ல் கலைக்கப்பட்ட பீரங்கிப் படையின் சீருடையில் ஆயுதத்தோடு போனதற்காக மறுபடி கைது. ஆறு மாதத் தண்டனை. சிறைக்குள்ளும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

1832 ஏப்ரல் கடைசியில் விடுதலை. ஒரே மாதம்தான். மே 30-ஆம் நாள் காலையில் துப்பாக்கி ஏந்தி ஒருவனோடு ஒற்றைக்கு ஒற்றை மோதினார். வயிற்றில் குண்டு பாய்ந்தது. மறுநாள் மே 31-ல் கோஷான் மருத்துவமனையில் தம்பி ஆல்ஃபிரெட் அருகில் இருக்க உயிர் பிரிந்தது. மோன்பர்னாஸ் இடுகாட்டில் பொதுக் குழியில் புதைத்தார்கள்.

ஒரே இரவில் மொத்தக் கணிதத்தையும் எழுதினார் என்று சினிமா மாதிரி சொல்வார்கள். அது சரியல்ல. முக்கிய வேலை எல்லாம் முன்பே முடிந்திருந்தது. மோதலுக்கு முந்திய இரவு திரும்பி வந்த அந்தப் பிரதியை எடுத்துத் திருத்தினார், ஓரங்களில் குறிப்பு எழுதினார், நேரம் இல்லை என்றும் ஓர் ஓரத்தில் குறித்தார். நண்பர் ஓகுஸ்ட் ஷெவாலியேக்கு நீண்ட கடிதம் எழுதித் தன் கண்டுபிடிப்புகளைச் சுருக்கிச் சொன்னார். இவை சரியா என்பதை அல்ல, எவ்வளவு முக்கியம் என்பதை யாக்கோபியிடமோ காஸிடமோ வெளிப்படையாகக் கேட்கும்படி வேண்டிக்கொண்டார்.

அந்த மோதலை வீரம் என்று நான் எழுத மாட்டேன். நம்ம வயசில் ரோஷத்துக்காக என்னென்னவோ செய்கிறோம். அவருக்கு இன்னும் முப்பது வருஷம் கிடைத்திருந்தால் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

நகலெடுத்த நண்பர்

கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஷெவாலியே. அந்தக் கடிதத்தை 1832 செப்டம்பரிலேயே அச்சில் கொண்டுவந்தார். ஷெவாலியேயும் ஆல்ஃபிரெடும் சேர்ந்து, சிதறிக் கிடந்த தாள்களைத் திரட்டி, நகல் எடுத்தார்கள். ஜெராக்ஸ் இல்லாத காலம், எல்லாம் கையால். அந்தத் தாள்கள் கடைசியில் லியூவில் என்ற கணித அறிஞரிடம் போய்ச் சேர்ந்தன. பாய்சானுக்குப் புரியாததை அவர் பொறுமையாக உட்கார்ந்து படித்தார். 1843-ல் கழகத்தில் எழுந்து, இந்த ஆய்வு சரியானது என்று அறிவித்தார். 1846-ல் தன் இதழில் வெளியிட்டார். இறந்து 14 ஆண்டுக்குப் பிறகு உலகம் கால்வாவைப் படித்தது.

ஒரே பிரதி கோஷியிடம் இருந்தது, அச்சேறவில்லை. ஒரே பிரதி ஃபூரியே வீட்டில் இருந்தது, போச்சு. இன்னொருத்தர் கையிலும் இருந்தது மட்டும் பிழைத்தது. டிஸ்க்குக்கும் அதேதான். ஒன்று ஞாபகம் வையுங்கள், ரெய்டு என்பது பேக்கப் அல்ல. தவறி அழித்த ஃபைலை ரெய்டும் உடனே அழித்துவிடும், தீப்பிடித்தால் எட்டு டிஸ்க்கும் சேர்ந்துதான் எரியும். புராஜெக்ட் ரிப்போர்ட்டை ஒரே பென் டிரைவில் வைத்திருக்கும் இறுதியாண்டு நண்பர்கள் இன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்து, இன்னொருத்தர் வீட்டில் வையுங்கள்.

எனக்கு இந்த வாழ்க்கை வேறு ஒன்றையும் சொல்லியது. எங்கள் வீட்டில் பள்ளி தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குகிறார், அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். வங்கிப் பாரம், ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாவற்றையும் படித்துச் சொல்ல வீட்டில் ஒரே ஆள். நான் ஊரில் இல்லாத அன்று ஒரு வேலையும் நடக்காது. இதில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கால்வாவைப் படித்த பிறகு பயம்தான் வருகிறது. ஒரே டிஸ்க்கில் ஒரு குடும்பமே ஓடுகிறது! இப்போது ஞாயிறுதோறும் எட்டாவது படிக்கும் தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாரம் நிரப்பச் சொல்லித் தருகிறேன். அம்மாவும் எழுத்துக் கூட்டுகிறார். பஸ் போர்டு இப்போது தானே படிக்கிறார்.

நண்பர்களே, நமக்குத் தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லிக் கொடுப்போம். வகுப்பில் பின்தங்கியவன் தாளையும் பொறுமையாகப் படிப்போம். யாருக்குத் தெரியும், அதில் ஒரு கால்வா இருக்கலாம்!



– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்